சனிக்கிழமை சாத்தியிருக்கும் கதவு

டிசம்பர் மாதச் சனிக்கிழமைகளில், காலை ஒன்பது மணி வாக்கில், பிராக் நகரத்தின் பழைய யூதக் குடியிருப்பான ஜோசஃபோவுக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கம்பளித் தொப்பியும் கையுறையுமாக நாலைந்து நண்பர்கள் பேசிக்கொண்டே வருவார்கள். முந்தின இரவுதான் பெர்லினிலிருந்தோ வியன்னாவிலிருந்தோ ரயிலில் வந்து இறங்கியிருப்பார்கள். இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். கையில் இருப்பது இரண்டே நாள். மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் பருவம் என்பதால் பகலில் ஒவ்வொரு மணிக்கும் திட்டம் இருக்கும். முதலில் பழைய யூத இடுகாடு என்று வந்திருப்பார்கள். வாசலில் நின்றுவிடுவார்கள். கதவு சாத்தியிருக்கும்.

பிராக் யூத அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ள இந்த இடுகாடும் அதைச் சுற்றியுள்ள தொழுகைக்கூடங்களும் ஞாயிறு முதல் வெள்ளி வரை பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும். சனிக்கிழமை கிடையாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒழிகிற நாளில், கூட்டம் அதிகமாக வரக்கூடிய நாளில், நுழைவுச்சீட்டு விற்க மாட்டார்கள்.

சரி, இதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் திட்டத்தை மாற்றுகிறார்கள். ஞாயிறு காலை கோட்டைக்குப் போவதாக இருந்ததே, அதை என்ன செய்வது? அங்கேயும் இதே கதைதான். கோட்டை வளாகத்தில் உள்ள புனித விட்டஸ் பேராலயத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வரை சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. காலையில் திருப்பலி நடக்கும். 1344இல் அடிக்கல் நாட்டி 1929இல் கட்டி முடித்த அந்த மாபெரும் ஆலயம், அந்த நேரத்தில் தொழ வருகிறவர்களுக்கு மட்டும் உரியது.

இரண்டு நாள் பயணம். இரண்டு நாளும் ஒரு கதவு சாத்தியிருக்கிறது. நண்பர்களின் ஏமாற்றம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அந்தக் கதவுகளின் முன்னால் ஐந்து நிமிடம் குளிரில் நிற்கிறவர்களுக்கு, நகரத்தின் எந்தக் கோபுரமும் எழுப்பாத ஒரு கேள்வி எழும். புனிதம் என்பது எங்கே இருக்கிறது? கல்லிலும் சிலையிலும் மண்ணிலுமா, அல்லது நேரத்திலா?

இடத்தில்தான் இருக்கிறது என்றால், சனிக்கிழமை ஒரு விதமாகவும் திங்கட்கிழமை வேறு விதமாகவும் அந்தக் கதவு நடந்துகொள்ளக் காரணமே இல்லை. திங்கட்கிழமையும் அதே கல்லறைகள்தான் அங்கே இருக்கின்றன.

தமிழ் வாசகருக்கு இது புதிராக இருக்காது. நடை சாத்துவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்திவிட்டால் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரும் மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார். சாயங்காலம் நடை திறக்கும், பார்த்துக்கொள்ளலாம். கடையை மூடிவிட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. சுவாமிக்கு அது ஓய்வு நேரம். கோயில் என்பது நேரத்தோடு சேர்ந்த இடம் என்பதை வாசலில் காத்திருந்து காத்திருந்தே நாம் கற்றிருக்கிறோம்.

பிராக்கிலும் இதைக் கற்றுத்தரும் பொருள் ஒன்று, நகரத்தின் நடுவிலேயே, எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது. பழைய நகரச் சதுக்கத்து வானியல் கடிகாரம். 1410இல் செய்யப்பட்டது. ஒவ்வொரு மணிக்கும் அதன் கீழே கூட்டம் கூடி, கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கும். எலும்புக்கூடாக நிற்கும் மரணம் கயிற்றை இழுத்து மணியடிக்கும். மேலே இரண்டு சன்னல்களில் அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து போவார்கள். கடைசியில் பொன்னிறச் சேவல் கூவும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துவிடும். கூட்டம் கலைந்த பிறகு நிற்பவர்களுக்குத்தான் அந்தக் கடிகாரம் உண்மையில் தன்னைக் காட்டுகிறது. அது ஒரே ஒரு நேரத்தைக் காட்டும் கடிகாரம் இல்லை. ரோமன் எண்கள் இன்றைய மணியைச் சொல்கின்றன. வெளிவட்டத்தில் உள்ள பொன்னிற எண்கள் பழைய செக் வழக்கப்படி சூரியன் மறைந்ததிலிருந்து மணியை எண்ணுகின்றன. உள்ளே உள்ள வளைகோடுகள் சூரியன் உதித்து மறையும் வரையுள்ள பகலைப் பன்னிரண்டு பங்காக்குகின்றன; கோடையில் பங்கு நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். ராகுகாலத்தைப் பகல் அளவை வைத்துக் கணக்கிடுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடும். அதற்கும் மேல், விண்மீன்களின் நேரத்துக்குத் தனி முள்.

அந்த வெளிவட்டத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, சூரியன் மறையும்போது தொடங்குகிறது என்கிறது அது. யூதர்களின் நாளும் அப்படித்தான்; சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். டிசம்பர் மாத பிராக்கில் வெள்ளிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு முன்பே வீடுகளில் ஓய்வுநாள் விளக்கு ஏற்றியாக வேண்டும். நண்பர்கள் ரயிலில் இடம் பிடித்து உட்காரும் முன்பே ஜோசஃபோவில் சனிக்கிழமை பிறந்துவிடுகிறது. அங்குள்ள யூத நகர மன்றக் கட்டடத்தில் இன்னொரு கடிகாரம் உண்டு. எபிரேய எழுத்துகளால் மணி குறித்தது. எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அதற்கேற்ப அந்தக் கடிகாரத்தின் முள்களும் எதிர்த்திசையில் சுற்றுகின்றன.

இந்தச் சிந்தனையை இருபதாம் நூற்றாண்டில் மிகத் தெளிவாக எழுதியவர் ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல். 1907இல் வார்சாவில் பிறந்த யூத குரு. நாஜிகள் போலந்துக்குள் நுழைவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வெளியேறினார். தாயையும் உடன்பிறந்த பெண்களையும் அந்தப் பேரழிவில் பறிகொடுத்தார். 1951இல் அமெரிக்காவில் அவர் வெளியிட்ட சிறிய நூல் ‘தி சபாத்’, அதாவது ஓய்வுநாள். மனிதன் தன் நாகரிகத்தால் இடத்தை வெல்கிறான், பொருளைச் சேர்க்கிறான். யூத சமயமோ நேரத்தைப் புனிதமாக்கச் சொல்லித்தருகிறது என்பது அதன் சாரம். விவிலியத்தின் படைப்புக் கதையில் புனிதம் என்ற சொல் முதன்முதலில் எந்த மலைக்கும் எந்தப் பலிபீடத்துக்கும் தரப்படவில்லை, ஏழாம் நாளுக்குத்தான் தரப்பட்டது என்று அவர் சுட்டிக்காட்டுகிறார். மற்றவர்களுக்குப் பேராலயங்கள் எப்படியோ அப்படி யூதர்களுக்கு ஓய்வுநாள். யாராலும் இடிக்க முடியாத, எரிக்க முடியாத கோயில் அது.

இடிக்கவும் எரிக்கவும் முயன்றார்கள் என்பதற்கு ஜோசஃபோவே சாட்சி. யூத அருங்காட்சியகம் 1906இல் தொடங்கப்பட்டது. நாஜிகளின் ஆட்சியில், பொஹீமியா, மொராவியா பகுதிகளில் அழிக்கப்பட்ட யூத சமூகங்களின் வழிபாட்டுப் பொருள்கள் மூட்டை மூட்டையாக இங்கே கொண்டுவந்து குவிக்கப்பட்டன. உடையவர்கள் வதைமுகாமுக்குப் போனார்கள். பொருள்கள் பட்டியலுக்கு வந்தன. போருக்குப் பிறகு, இறந்தவர்களுக்குக் கல்லறை இல்லாததால், பின்கஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் அவர்களின் பெயர்களை எழுதினார்கள். 1954 முதல் 1959 வரை அந்த வேலை நடந்தது. ஏறத்தாழ 78,000 பெயர்கள். 1968இல் நிலத்தடி நீர் ஏறியதால் கட்டடம் மூடப்பட்டது. கம்யூனிஸ்ட் ஆட்சி முடியும்வரை திறக்கப்படவே இல்லை, பெயர்களும் அழிந்துபோயின. 1992 முதல் 1996 வரை எல்லாப் பெயர்களையும் மறுபடி கையால் எழுதினார்கள். அரசு வசம் இருந்த அருங்காட்சியகம் 1994இல்தான் யூத சமூகத்தின் கைக்குத் திரும்பி வந்தது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு அந்தச் சனிக்கிழமைக் கதவின் முன்னால் நின்றால் அதன் பொருள் மாறிவிடுகிறது. நாஜிகள் பொருளைச் சேர்த்தார்கள், இடத்தைப் பிடித்தார்கள். ஏழாம் நாளை அவர்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பிராக்கில் இன்று யூத சமூகம் மிகச் சிறியது. வருமானம் கூடுதலாக வரக்கூடிய நாளில் அது தன் கதவைச் சாத்திக்கொள்கிறது. பக்கத்துத் தெருவில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பழைய-புதிய தொழுகைக்கூட’த்தில் அதே நேரத்தில் தொழுகை நடந்துகொண்டிருக்கிறது. இதை ஒரு நிர்வாக விதி என்று கொள்வது தவறு. அது ஒரு சாட்சியம்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழுந்தே தீரும்; எழ வேண்டும். சாத்திய கதவைப் புகழ்வது எளிது, ஆனால் உலகெங்கும் கோயில் கதவுகள் மனிதர்களின் முகத்தில் அறைந்து சாத்தப்பட்ட வரலாறு சிறியதா? பிராக்கே அதற்கும் சான்று தருகிறது. சார்லஸ் பாலத்தின் மேல் ஒரு சிலுவை நிற்கிறது; அதைச் சுற்றிப் பொன்முலாம் பூசிய எபிரேய எழுத்துகள். இறைவனைப் பரிசுத்தர் என்று மும்முறை போற்றும், யூதர்கள் தம் தொழுகையில் சொல்லும் சொற்கள் அவை. 1696இல், சிலுவையை இழிவுபடுத்தினார் என்று ஒரு யூதர் மேல் குற்றம் சாட்டி, தண்டனையாக அவர் செலவிலேயே அந்த எழுத்துகளை அங்கே பொறித்தார்கள். ஒரு சமூகத்தை அதன் வேதத்தின் மிக உயர்ந்த சொற்களாலேயே அவமானப்படுத்திய செயல் அது. 2000ஆம் ஆண்டில்தான் நடந்ததை விளக்கும் பலகைகள் அங்கே வைக்கப்பட்டன. 1744 டிசம்பரில், இதே போன்ற கடுங்குளிரில், அரசி மரியா தெரேசா பிராக்கிலிருந்த யூதர்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். 1748இல்தான் திரும்ப முடிந்தது. அவருடைய மகன் இரண்டாம் ஜோசஃப் பிற்பாடு சமயச் சகிப்பு ஆணைகளைக் கொண்டுவந்தார். ஜோசஃபோவ் என்ற பெயர் அந்த மகனின் நினைவாக வந்தது.

நம் ஊரிலும் கதவுகளின் கதை கசப்பானது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள் என்பது வரலாற்றுச் செய்தியாக எழுதும் அளவுக்கு அதற்கு முந்தைய நூற்றாண்டுகள் இருந்தன. அந்தக் கதவுக்கும் ஜோசஃபோவின் சனிக்கிழமைக் கதவுக்கும் வேறுபாடு இருக்கிறதா?

இருக்கிறது, அது அடிப்படையான வேறுபாடு. ஒரு கதவு மனிதரைப் பார்த்துச் சாத்தப்படுகிறது: நீ இன்னார், உனக்கு என்றைக்குமே இடமில்லை. இன்னொரு கதவு நேரத்தைப் பார்த்துச் சாத்தப்படுகிறது: இது இன்ன வேளை, யாருக்கும் வியாபாரம் இல்லை. முதல் வகைக் கதவு பிறப்பைக் கேட்கிறது. இரண்டாம் வகைக் கதவு, வந்தவர் பேரரசரானாலும் பயணியானாலும், பொறுமையைக் கேட்கிறது. நாளைக்கு அது திறக்கும். முதல் கதவைத் தகர்ப்பது அறம். இரண்டாவதைத் தகர்த்து, எந்நேரமும் எல்லாமும் பார்க்கக் கிடைக்கும்படி செய்துவிட்டால், பார்ப்பதற்கு அங்கே கட்டடம் மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொன்றையும் நண்பர்கள் குளிரில் நிற்கும்போது யோசிக்கலாம். அவர்களை பிராக் வரை கொண்டுவந்த அந்த இரண்டு நாள் விடுமுறை எங்கிருந்து வந்தது? ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321இல் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக ஆணையிட்டார். சனிக்கிழமை அதோடு சேர்ந்தது வெகு பிற்பாடு. 1908இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஒரு பருத்தி ஆலை, தன் யூதத் தொழிலாளர்கள் ஓய்வுநாளைக் கடைப்பிடிக்க வசதியாகச் சனிக்கிழமையும் விடுமுறை விட்டது. 1926இல் ஹென்றி ஃபோர்டு தன் தொழிற்சாலைகளில் வாரம் ஐந்து நாள் வேலையைக் கொண்டுவந்தார். செக்கோஸ்லோவாகியாவில் சனிக்கிழமை விடுமுறையானது 1968இல்தான். தொழிற்சங்கங்களின் போராட்டத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் வாரத்தில் எந்த இரண்டு நாள் என்ற தேர்வுக்குப் பின்னால் நிற்பவை ஒரு தொழுகைக்கூடமும் ஒரு தேவாலயமும். அந்த இரண்டு கதவுகள் சாத்தியிருப்பதால்தான் நண்பர்களுக்கு ஊர் சுற்ற நாள் கிடைத்திருக்கிறது.

சரி, நம்பிக்கையே இல்லாதவர்கள்? அவர்களுக்கு இந்தக் கதவும் நேரமும் எதற்கு? இந்தக் கேள்விக்கு பிராக்கைவிடப் பொருத்தமான நகரம் கிடையாது. செக் நாடு உலகிலேயே மத நம்பிக்கை குறைந்த நாடுகளில் ஒன்று. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறையப் பாதிப் பேர் தமக்கு மதம் இல்லை என்று எழுதினார்கள். இன்னும் சுமார் 30 சதவீதம் பேர் அந்தக் கேள்விக்குப் பதிலே தரவில்லை. ஆனால் அதே நாட்டில் கிறிஸ்துமஸ் இரவில் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருபவர் சாண்டா கிளாஸ் இல்லை. ‘யெஜீஷெக்’, அதாவது குட்டி இயேசு. கண்ணுக்குத் தெரியாமல் வந்து மரத்தடியில் பரிசுகளை வைத்துவிட்டு மணியடித்துச் சொல்லிவிட்டுப் போவார். யாக்குப் யான் ரிபா என்ற பள்ளி ஆசிரியர் 1796இல் செக் மொழியில் இயற்றிய கிறிஸ்துமஸ் திருப்பலி இசையை இன்றும் டிசம்பர் பிறந்ததும் ஊர் ஊராகப் பாடுகிறார்கள். பாடுகிறவர்களிலும் கேட்கிறவர்களிலும் ஏராளமானோர் ஞாயிறு கோயிலுக்குப் போகாதவர்கள். இது வெறும் பழக்கம் என்று சிலர் ஒதுக்குவார்கள். அப்படி ஒதுக்க முடியாது என்றே தோன்றுகிறது. கொள்கை போன பிறகும் வேளை தங்கியிருக்கிறது. ஆண்டில் ஓர் இரவு மற்ற இரவுகளைப் போன்றதில்லை என்று ஒரு நாடே ஒப்புக்கொள்கிறது. அதுவும் ஒரு வகைப் பணிவுதான்.

குட்டி இயேசு என்றதும் தமிழர்களுக்கு ஒரு வடிவம் நினைவுக்கு வந்திருக்கும். தலையில் கிரீடம், கையில் உருண்டை, விரிந்த அங்கி. நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளிலும் வேன்களின் முன்கண்ணாடி ஓரத்திலும் பார்க்கும் குழந்தை இயேசு. அந்தச் சொரூபத்தின் மூலம் பிராக்கில்தான் இருக்கிறது, வல்டாவா ஆற்றின் இடக்கரையில், வெற்றி அன்னை ஆலயத்தில். ஸ்பெயினிலிருந்து வந்த, மெழுகு பூசிய, 47 சென்டிமீட்டர் உயரமே உள்ள சிறு உருவம். லோப்கோவிட்ஸ் குடும்பத்து பொலிக்சேனா 1628இல் கார்மேல் துறவிகளுக்குத் தந்தது. ஆலயமே முதலில் லூத்தரன் சபையினர் கட்டியது. போரில் அவர்கள் பக்கம் தோற்றதும் கத்தோலிக்கர்களிடம் போனது. 1631இல் சாக்சனிப் படை நகரைப் பிடித்தபோது சொரூபம் கை உடைந்து பலிபீடத்தின் பின்னால் குப்பையோடு கிடந்தது. சில ஆண்டுகள் கழித்து சிரில் என்ற துறவிதான் அதை எடுத்துச் சீராக்கினார். மரியா தெரேசா அதற்கு 1743இல் ஓர் அங்கி காணிக்கை அளித்தார். குழந்தைக்கு உடை தந்த மறு ஆண்டுதான் அவர் யூதக் குழந்தைகளைப் பனியில் வெளியேற்றிய ஆணையில் கையெழுத்திட்டார். பக்தி மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று அந்த நகரத்தில் இல்லை.

இந்த ஆலயத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சொரூபத்துக்கு நூறுக்கும் அதிகமான அங்கிகள் உண்டு. திருச்சபையின் காலத்துக்கு ஏற்ப மாற்றுவார்கள். திருவருகைக் காலமான டிசம்பரில் ஊதா, கிறிஸ்துமஸுக்கு வெள்ளை. இங்கேயும் நேரம்தான் உடுத்துகிறது. இந்தியாவுக்கு வந்தபோது இந்தப் பக்தி தனக்கென ஒரு கிழமையையே பிடித்துக்கொண்டது: பெங்களூரு விவேக்நகர் திருத்தலத்தில் வியாழக்கிழமைதோறும் கூடும் கூட்டத்தில் எல்லா மதத்தினரும் இருக்கிறார்கள். பிராக்கில் குளிருக்கு ஒதுங்கி உள்ளே வரும் நண்பர் குழு, கைப்பேசியைத் தூக்கும்போது பக்கத்தில் முழந்தாளிட்டு அழும் ஒருவரைப் பார்க்க நேரலாம். பெரும்பாலும் கைப்பேசி இறங்கிவிடும். அந்த நொடியில் அவர்கள் நம்பிக்கையாளர்களாக மாறிவிடவில்லை. ஆனால் தாங்கள் நிற்பது இன்னொருவருடைய வேளை என்பதை அறிந்துவிட்டார்கள். பார்வை என்பதற்கும் தரிசனம் என்பதற்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருப்பது இதனால்தான். பார்ப்பதற்குக் கண் போதும். தரிசனம் என்றால் காட்டுகிறவரின் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

டிசம்பரில் நண்பர்களோடு பிராக் போகிறவர்களிடம் சொல்ல ஒன்று உண்டு. சனிக்கிழமை ஜோசஃபோவுக்குப் போங்கள், கதவு சாத்தியிருக்கும் என்று தெரிந்தே போங்கள். எபிரேயக் கடிகாரத்தின் கீழே கொஞ்ச நேரம் நில்லுங்கள். தொழுகைக்கு வருகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். பகலைப் பாலத்துக்கும் வானியல் கடிகாரத்துக்கும் குழந்தை இயேசுவுக்கும் கொடுங்கள். பேராலயத்தை ஞாயிறு மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போவதானால் திருப்பலிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வானத்தில் மூன்று விண்மீன் தெரிந்ததும் ஓய்வுநாள் முடிந்துவிடும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இடுகாட்டின் கதவைத் திறப்பார்கள்.